மலையில் தீ, அடிவாரத்தில் நாம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், மலை பற்றி எரிந்த 9 நாளும் அடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன ஊர் எங்கள் குழுவுக்குத் துணை நின்றதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் 22 வருடம் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் இருந்தேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு, கடைசி 6 வருடம் முகாம்களில் சாப்பாடு, தண்ணீர், படுக்கை ஏற்பாடுகளைக் கவனித்தேன். அதனால் கொடுக்கும் கை, வாங்கும் கை இரண்டையும் எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் 60 வீடுகள்தான். எதிர்மலையில் நான்கு நாளாகத் தீ. சாலையோரம் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் வீரர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு சமைத்து எடுத்துப் போகிறோம். சில நேரம் வாங்கிக்கொள்கிறார்கள், சில நேரம் வேண்டாம் என்கிறார்கள். எதைக் கொண்டுபோனால் உண்மையிலேயே உதவும்? (ஒரு குடும்பத்தலைவி)

எதைக் கொண்டுபோவது என்பதற்கு முன்னால், யார் மூலமாக என்று பாருங்கள் அம்மா. 60 வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆள், ஒரே போன் எண். அந்த ஒருவர் முகாமில் பொருட்களைக் கவனிப்பவரிடம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பேசட்டும். "இன்று எத்தனை பேர்? எத்தனை மணிக்கு? எந்த இடத்தில்?" இந்த மூன்று கேள்வி போதும். 60 வீட்டுக்காரர்களும் தனித்தனியாக வண்டியில் வந்தால், குறுகலான மலைப்பாதையில் தண்ணீர் லாரி பின்வாங்க இடமிருக்காது. நான் எந்த உதவியையும் ஒரே அளவுகோலால்தான் பார்ப்பேன்: இது வீரர்களுக்கு நேரத்தைக் கொடுக்கிறதா, அவர்களிடமிருந்து நேரத்தை எடுக்கிறதா?

வேண்டாம் என்றதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை, அன்போடு சமைத்து அனுப்பிய சாப்பாடு வெயிலில் வண்டிக்குள்ளேயே ஆறு மணி நேரம் இருந்துவிட்டது. பசியில் யாரும் யோசிக்கவில்லை. அன்று ராத்திரி எங்கள் 20 பேரில் 11 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் வழித்து நாங்கள் வெட்டி வைத்திருந்த தீத்தடுப்புக் கோட்டில் காவல் நிற்க ஆளில்லாமல், பக்கத்துக் குழுவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். சமைத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு, சமைத்து 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த எதையும் நான் முகாமுக்குள் விட்டதில்லை. நல்ல வெயில் என்றால் அதையும் 1 மணி நேரமாகக் குறைத்துவிடுவேன்.

காட்டுத்தீயில் வேலை செய்பவரின் உடம்பு ஒரு நாளில் 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவழிக்கிறது. முதுகில் பை, கையில் கருவி, செங்குத்தான சரிவு, 12 மணி நேரத்துக்கும் மேல் வேலை. மூன்று வேளைச் சாப்பாடு அதற்குப் போதாது. நடுநடுவே கொறிக்க ஏதாவது பையில் இருக்க வேண்டும். கரி படிந்த ஒரே கையால், தட்டும் ஸ்பூனும் இல்லாமல் உறையைப் பிரித்துச் சாப்பிடக்கூடியது, வெப்பத்தில் உருகாதது, சீக்கிரம் கெடாதது என்று யோசித்துக் கட்டிக் கொடுங்கள். பொட்டலத்தின் மேல் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குக் கட்டியது என்று எழுதிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள்.

தண்ணீர் கொடுப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. வியர்வையில் உப்பு கொட்டிக்கொண்டே இருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆள் மயங்கிவிழலாம். அதனால் தண்ணீரோடு உப்புச்சத்துள்ள பானமும் சாப்பாடும் சேர்ந்து போகவேண்டும். "சிறுநீர் கறுப்புக் காப்பி மாதிரி போகிறது" என்று யாராவது பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கேட்டால், உடனே அவர்களின் மருத்துவ உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது. கடும் உழைப்பிலும் வெப்பத்திலும் வரும். வீரர்கள் அதைத் தாங்களாக வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

உங்களால் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், குழாய் வைத்த ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியும் சோப்பும் கொண்டுபோய், சாப்பாட்டு வரிசை தொடங்கும் இடத்தில் வையுங்கள். முகாம்களில் வயிற்றுநோய் பரவுவது பெரும்பாலும் கையால்தான். போன இதழில் சொன்ன ஊரில், ஒரு பாட்டி அந்தத் தொட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கை கழுவாத யாரையும் சாப்பாட்டுப் பக்கம் விடவில்லை. 9 நாளும் எங்களில் ஒருவர்கூட வயிற்றுக்கோளாறில் படுக்கவில்லை.

என் தோட்டத்துக்கு மேலே தீ வந்துகொண்டிருந்தது. ஒரு குழு கீழே சாலையில் 2 மணி நேரம் சும்மாவே நின்றது. கேட்டதற்கு "காத்திருக்கிறோம்" என்றார்கள். அப்புறம் அவர்களே சாலையோரத்தில் தீ வைத்தார்கள். என் 30 மரங்கள் போய்விட்டன. இவர்களுக்கு எதற்கு ஊரே திரண்டு உபசாரம் செய்யவேண்டும்? (ஒரு விவசாயி)

மரம் போன வலி எனக்குப் புரிகிறது ஐயா. வளர்க்க எத்தனை வருடம் ஆகியிருக்கும். அந்தக் கோபத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 2 மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தீ மேட்டில் ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு. சுடர் சாய்ந்து மேலே உள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே காயவைத்துவிடுவதால் அப்படி. இறங்கும்போது மெதுவாகத்தான் வரும். அதைப் பார்த்து, "மெதுவாகத்தானே வருகிறது, ஏறிப்போய் அணைக்கக் கூடாதா" என்று தோன்றும். ஆனால் எரியும் ஒரு கட்டை உருண்டு வந்து ஏறிப்போனவர்களுக்குக் கீழே விழுந்தால் என்ன ஆகும்? அங்கே புதுத் தீ பிடித்து, முழு வேகத்தில் அவர்களை நோக்கி ஏறும். மேலேயும் தீ, கீழேயும் தீ, நடுவில் ஆள். இந்த வேலையில் நாங்கள் முதலில் பயப்படக் கற்றுக்கொள்வது அந்த இடத்துக்குத்தான்.

சாலை என்பது ஏற்கெனவே வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடு. அங்கே புல்லும் சருகும் இல்லை, வண்டி வரும், தப்பிக்க வழி இருக்கிறது. அதில் நின்றுகொண்டு, தங்களுக்கும் பெருந்தீக்கும் நடுவில் இருப்பதை முன்கூட்டியே எரித்துவிட்டால், பெருந்தீ வந்து சேரும்போது தின்ன எதுவும் இருக்காது. இதைத்தான் எதிர்த்தீ என்கிறோம். அதை நினைத்த நேரத்தில் வைக்க முடியாது. காற்று சாலையிலிருந்து மலையைப் பார்த்து இருக்கவேண்டும், காற்றின் ஈரம் சரியாக இருக்கவேண்டும், மேலே யாரும் இல்லை என்று தலை எண்ணி உறுதி செய்திருக்கவேண்டும். அவர்கள் காத்திருந்தது அதற்காகத்தான் இருக்கும். எதிர்த்தீ வைக்கவில்லை என்றால், தீ உங்கள் 30 மரத்தோடு நின்றிருக்குமா, சாலையைத் தாண்டி அடுத்த சரிவில் ஏறியிருக்குமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

காத்திருக்கத் தெரியாமல் போனவர்கள் என்று நான் யாரையும் சொல்ல மாட்டேன். எல்லாம் தெரிந்தவர்களையே தீ கொண்டுபோயிருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் புல்லில் ஏறிய தீ 13 பேரைக் கொன்றது. குழுத்தலைவர் வாக் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். 1998 டிசம்பர் 2 அன்று ஆஸ்திரேலியாவின் லிண்டனில் காற்று திசை மாறியது. அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்தது ஒரு நொடியில் முகப்பாக மாறி, ஒரு வண்டியில் இருந்த 5 தன்னார்வலர்கள் இறந்தார்கள். மே 4 சர்வதேசத் தீயணைப்பாளர் தினமாக உருவானது அவர்களின் மரணத்துக்குப் பிறகுதான். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் ஹில்லில் நன்கு பயிற்சி பெற்ற ஒரே குழுவைச் சேர்ந்த 19 பேர் போனார்கள். இப்படி நடக்காமல் இருக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் நான்கு: தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள், அறுபடாத தகவல் தொடர்பு, தப்பிக்கும் வழி, போய்ச் சேரப் பாதுகாப்பான இடம். இந்த நான்கில் ஒன்று இல்லை என்றாலும் குழு சாலையில்தான் நிற்கும். நிற்கத்தான் வேண்டும்.

உங்கள் நஷ்டத்தைப் படம் எடுத்து, தேதி நேரத்தோடு எழுதிப் பொறுப்பில் உள்ளவர்களிடம் கொடுங்கள். எதிர்த்தீ வைத்ததற்கான காரணத்தைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைச் சாலையில் நிற்கும் பையனிடம் கத்திக் கேட்காமல், மாலையில் குழுத்தலைவரிடம் கேளுங்கள். அப்புறம் ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. எல்லோரும் கடந்துபோகும் ஓர் இடத்தில் பலகை வைத்து, தினமும் காலையும் மாலையும் தீ எங்கே இருக்கிறது, இன்று என்ன செய்யப்போகிறார்கள் என்று குழுவிடம் கேட்டு எழுதுங்கள். என் அனுபவத்தில், பலகை இருந்த ஊரில் கோபம் பாதியாகக் குறைந்தது.

விமானம் தூவிய சிவப்புத் திரவம் எங்கள் கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் விழுந்துவிட்டது. விஷமா?

அதில் பெரும்பகுதி தண்ணீரும், உரத்தில் இருக்கும் அம்மோனியம் பாஸ்பேட் வகை உப்புகளும்தான். எங்கே தூவினோம் என்று விமானிக்குத் தெரிவதற்காகச் சிவப்பு நிறம் சேர்ப்பார்கள். கூரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். தொட்டித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தொட்டியைக் காலி செய்து கழுவிய பிறகு நிரப்புங்கள். கழுவிய நீர் ஓடையில் கலக்காமல் பாருங்கள், மீன்களுக்கு ஆகாது. வளர்ப்பு விலங்குகளையும் தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள்.

நாங்கள் 15 பேர், எல்லோரும் இளைஞர்கள். அந்த மலை எங்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. பச்சைத் தழையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு உதவப்போனோம். பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருந்தது. (ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, உங்கள் 15 பேரையும் திருப்பி அனுப்பியவர் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நானும் இப்படிப் பலரை அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முகம் வாடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மலைக்குள் போகும் ஒவ்வொருவரின் பெயரும் ஒரு தாளில் இருக்கும். எதிர்த்தீ வைப்பதும், விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டுவதும் அந்தத் தாளைப் பார்த்துத்தான். சிஎல்-415 என்ற விமானம் ஏரியின் மேல் தவழ்ந்து ஏறக்குறைய 12 நொடியில் 6,000 லிட்டர் அள்ளிக்கொள்ளும். அத்தனையும் ஒரே வீச்சில் தலைமேல் விழுந்தால் மரக்கிளையே முறியும். தாளில் பெயர் இல்லாத ஒருவர் புதருக்குள் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். அப்புறம் உங்கள் உடை. பாலியெஸ்டர் சட்டை வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எங்களுக்குத் தீ எளிதில் பற்றாத துணியில் உடுப்பு கொடுப்பது அதனால்தான்.

ஆனால் உங்களுக்கு வேலை இருக்கிறது, அதுவும் முக்கியமான வேலை. பெரும்பாலான வீடுகள் சுவர் போல வரும் தீயால் எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகளால்தான் எரிகின்றன. கங்கு கிலோமீட்டர் கணக்கில் பறந்து வந்து கூரை இடுக்கிலும் மழைநீர் வடியும் தகரக் குழாயிலும் கிடக்கும் சருகில் விழும். உங்கள் 15 பேரும் வீடு வீடாகப் போய்க் கூரைச் சருகை வழித்துப்போடுங்கள். சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டருக்கு விறகு, அட்டைப்பெட்டி, பாய், காய்ந்த செடி எதுவும் இல்லாமல் பாருங்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். ராத்திரி இரண்டு இரண்டு பேராக முறைபோட்டு, ஊருக்குள் கங்கு விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் மேலே இருக்கும் குழு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. அடுத்த தீக்காலத்துக்கு முன்னால் முறையான பயிற்சியில் சேருங்கள். தாளில் உங்கள் பெயரும் வரட்டும்.

ட்ரோன் வைத்திருக்கிறேன். மேலிருந்து படம் எடுத்துக் கொடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்குமே? (அதே கடிதத்தில் இன்னொரு மாணவர்)

தயவுசெய்து பறக்கவிடாதீர்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின்போது, யாரோ பறக்கவிட்ட ஒரு ட்ரோன், மேலே சொன்ன சிஎல்-415 வகை விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. பெருந்தீ எரிந்துகொண்டிருந்த நாட்களில் அந்த விமானம் தரையில் நின்றது. அனுமதியில்லாத ட்ரோன் ஒன்று கண்ணில் பட்டாலே அந்தப் பகுதியில் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். அவர்களிடம் சொந்தமாக ட்ரோனும், ராத்திரியில் வெப்பத்தைக் காட்டும் கருவியும் இருக்கும்.

எனக்கு 74, என் மனைவிக்கு 70. ஓடியாடி எதுவும் செய்ய முடியாது. எல்லோரும் ஏதோ செய்யும்போது நாங்கள் மட்டும் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களால் என்ன ஆகும்? (ஓய்வுபெற்ற நில அளவையாளர்)

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நில அளவையாளர்! எங்கள் முகாமில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆள் நீங்கள்தான்.

எங்களிடம் வரைபடம் இருக்கும். அதில் சாலை, ஓடை, மேடு பள்ளம் எல்லாம் இருக்கும். ஆனால் எந்தப் பாலம் தண்ணீர் லாரியின் எடையைத் தாங்காது என்று இருக்காது. புதருக்குள் மூடியில்லாமல் கிடக்கும் பாழுங்கிணறு இருக்காது. இருட்டில் புகைக்குள் நடப்பவனுக்குத் தீயைவிட அந்தக் கிணறு ஆபத்து. எந்த வாசலுக்குச் சாவி யாரிடம், எந்தக் குட்டையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எங்கே பெரிய வண்டி திரும்ப இடமிருக்கிறது, எந்தக் கொட்டகையில் கேஸ் சிலிண்டரும் பூச்சிமருந்தும் அடுக்கியிருக்கிறது, மதியத்துக்கு மேல் எந்தக் கணவாய் வழியாகக் காற்று புகும், இவையெல்லாம் உங்களைப் போன்றவர்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன.

ஒரு தீயில், உங்கள் வயதுள்ள ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் உட்பக்கம் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தார். கை நடுங்கியதால் கோடுகள் நெளிந்திருந்தன. அதில் அவர் காட்டிய ஒரு பழைய மாட்டுவண்டித் தடம், எங்கள் செயற்கைக்கோள் படத்தில் மரங்களுக்கு அடியில் மறைந்திருந்தது. அந்தத் தடத்தைத் தப்பிக்கும் வழியாகக் குறித்துவிட்டுத்தான் மறுநாள் மேற்குச் சரிவில் வேலையைத் தொடங்கினோம். அந்த அட்டையைக் கடைசி நாள்வரை கூடாரத்தில் தொங்கவிட்டிருந்தோம். ஒவ்வொரு குழுவும் கிளம்பும்முன் அதன் முன்னால் வந்து நிற்கும்.

நீங்களும் இன்றே வரையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊரின் தொடர்பு ஆளிடம் கொடுங்கள். அப்புறம் மருந்து, கண்ணாடி, சான்றிதழ்கள், இரண்டு நாள் துணி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வாசலருகே வையுங்கள். கிளம்பச் சொன்னால் முதல் ஆளாகக் கிளம்புங்கள். கிளம்பச் சொல்வதற்கு முன்பே கிளம்பினாலும் நல்லது. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் தீ புகுந்தபோது 85 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். வெளியேற மறுக்கும் ஒருவருக்காக வண்டியைத் திருப்பி உள்ளே போகும் குழுவின் நிலைமையை நான் அனுபவித்திருக்கிறேன். நீங்கள் இருவரும் பத்திரமாக வெளியே இருக்கிறீர்கள் என்ற செய்தி மேலே இருப்பவர்களுக்குப் பெரிய பலம்.

எங்கள் மகளிர் குழு, வீரர்களின் துணியைத் துவைத்துக் கொடுக்கலாமா? பழைய துணி சேகரித்தும் தரலாம் என்று நினைக்கிறோம்.

துவைப்பது மிக நல்ல எண்ணம், கொஞ்சம் கவனத்தோடு செய்யுங்கள். புகைக்கரியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் தொழில்களின் வரிசையில் வைத்தது. அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுத் துணியோடு, முக்கியமாகக் குழந்தைகள் துணியோடு, சேர்த்துப் போடாதீர்கள். உள்ளாடை, காலுறை, போர்வை இவற்றைத் தாராளமாக வாங்கித் துவையுங்கள். தீத்தாங்கும் உடுப்பை மட்டும் அவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். பிளீச்சும், துணியை மென்மையாக்கும் திரவமும் அதைக் கெடுத்துவிடும். யார் துணி யாருக்கு என்று பையில் பெயர் ஒட்டுவது ஒரு தனி வேலை, அதற்கு ஓர் ஆளைப் போடுங்கள்.

பழைய துணி வேண்டாம் அம்மா. 2009 பிப்ரவரி 7-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 173 பேரைப் பலிகொண்ட தீக்குப் பிறகு, நாடெங்குமிருந்து வந்து குவிந்த பொருட்கள் 40,000 பேலட்டுகளுக்கு (சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளுக்கு) மேல். அவற்றைப் பிரிக்கவும் வைக்கவுமே பெரும்பாடு பட்டார்கள். அதற்குப் பதில் புதுக் காலுறை ஐம்பது ஜோடி வாங்கிக் கொடுங்கள். நனைந்த காலுறையோடு 14 மணி நேரம் நடந்துவிட்டு, காய்ந்த ஒன்றை மாட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றும் உங்கள் குழுவால் முடியும். தூக்கம் வாங்கிக் கொடுங்கள். ராத்திரி வேலை பார்த்தவர்கள் பகலில்தான் படுப்பார்கள். ஜன்னலுக்குத் தடித்த துணி கட்டிய ஓர் அறை, தரையில் பாய், வாசலில் "உறங்குகிறார்கள்" என்று ஓர் அட்டை. நாங்கள் தங்கிய அந்த ஊரில் 9 நாளும் ஒலிபெருக்கி போடவில்லை. பள்ளி மணியைக்கூட அடிக்காமல், பிள்ளைகளே வகுப்பு வகுப்பாகப் போய் நேரம் சொன்னார்கள்.

என் வகுப்புப் பிள்ளைகள் வீரர்களுக்குக் கடிதம் எழுத ஆசைப்படுகிறார்கள். இதற்கெல்லாம் அவர்களுக்கு நேரமிருக்குமா? (ஓர் ஆசிரியை)

இருக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்து வையுங்கள், அப்போதுதான் கையில் போய்ச் சேரும். பிள்ளைகள் எழுதியதைத் திருத்தாதீர்கள். என் தலைக்கவசத்தின் உள்ளே நான் நான்கு வருடம் வைத்திருந்த கடிதத்தில் இரண்டே வரி: "எங்க பூனை பத்திரமா இருக்கு. நீங்க கொஞ்சம் தூங்குங்க."

என் மகன் 14 நாள் தீயில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறான். எல்லோரும் அவனை வீரன் என்கிறார்கள். அவன் பேசுவதே இல்லை. ராத்திரியில் எழுந்து வாசலில் போய் மலையைப் பார்க்கிறான். நான் என்ன செய்யட்டும்? (ஒரு தாய்)

நானும் அப்படி நின்றிருக்கிறேன் அம்மா. என் மனைவி எதுவும் கேட்காமல் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்காருவாள். மூன்றாவது ராத்திரியோ நான்காவது ராத்திரியோ நானாகப் பேச ஆரம்பித்தேன். முதலில் பேசியது தீயைப் பற்றியே இல்லை, முகாமில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாயைப் பற்றி.

14 நாள் விழித்தே இருந்த உடம்பு உடனே அடங்காது. இருமலும் தலைவலியும் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இந்த வேலையில் இதயம்தான் பல பேரைக் கொண்டுபோயிருக்கிறது. விருந்து, பாராட்டு விழா என்று இந்த வாரம் எதற்கும் அவனை இழுக்காதீர்கள். "எத்தனை வீட்டைக் காப்பாற்றினாய்" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவன் மனதில் காப்பாற்ற முடியாதவைதான் ஓடிக்கொண்டிருக்கும். கூட வேலை பார்த்த ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லாமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். காலில் அடிபட்டால் கட்டுப்போடுவது மாதிரிதான் இதுவும் என்று நீங்களே அவனிடம் சொல்லுங்கள். இருபதுகளில் என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை.

தீ கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். ஊரில் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் தொடங்கிய சாலையோரப் பந்தலை எப்போது பிரிக்கலாம்? (ஊர்த் தொடர்பாளர்)

கட்டுக்குள் வந்தது என்றால் சுற்றிலும் கோடு போட்டாயிற்று என்றுதான் அர்த்தம். உள்ளே இன்னும் எரிந்துகொண்டிருக்கும். மரத்தின் அடிக்கட்டையிலும் மண்ணுக்குள் ஓடும் வேரிலும் தீ வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருந்துவிட்டு, ஒரு காற்றடித்த மதியம் கோட்டுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். இப்போது மலையில் இருக்கும் ஆட்கள் முழங்காலில் ஊர்ந்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுச் சூடு தேடிக்கொண்டிருப்பார்கள். மண்ணைக் கிளறு, தண்ணீர் ஊற்று, மறுபடி தொடு. இந்த வேலையை யாரும் படம் எடுப்பதில்லை. சாப்பாடு கொண்டு வருபவர்களும் இந்தக் கட்டத்தில்தான் குறைந்துபோவார்கள். சாம்பல்தூசி அதிகம் பறப்பதால் தண்ணீர் முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். உங்கள் பந்தலில் நிற்பவர்களும் என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். துணி முகக்கவசம் அந்த நுண்துகளைத் தடுக்காது.

பந்தலை மூன்று வேளையிலிருந்து ஒரு வேளையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் குறைவு என்றால் அதில் தவறில்லை. முதல் மழை வருவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, எரிந்த சரிவுக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள். தீயில் வெந்த மண்ணில் தண்ணீர் எளிதில் இறங்காது, சாம்பலும் கல்லும் சேர்ந்து வழிந்து வரும்.

கை கழுவும் தொட்டியை மட்டும் இப்போதைக்கு எடுக்காதீர்கள். கடைசி வண்டி இறங்கி வரட்டும். அதில் இருப்பவர்கள் கையும் முகமும் கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகு எடுங்கள்.